வெறும் மங்கு

போன வாரம் வேலையிடத்தில் கூட இருக்கும் தம்பி ஒருவன் என் பழைய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். “அக்கா, இந்த வரி எதுக்கு? ஒரு ரெஜிஸ்டர்ல பூஜ்யத்தைப் போடுது. அடுத்த வரியே அதை அழிச்சு வேற மதிப்பை எழுதுது. தண்டமா நிக்குது, எடுத்துடவா?” பார்த்தால் அவன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ரெஜிஸ்டர் என்பது சிப்புக்குள் ஒரு மதிப்பை வைக்கும் சின்ன இடம், அதில் போட்ட பூஜ்யத்தை யாரும் படிப்பதில்லை. எழுதிய கையோடு அழிகிறது. வேணாம், இருக்கட்டும் என்றேன். ஏன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவனும் மறந்திருப்பான். எனக்குத்தான் சொல்லாமல் விட்ட மீதிப் பதில் ஒரு வாரமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, ஏனென்றால் அந்த ஒரு வரியைப் போட எனக்கு நாலு ராத்திரி ஆனது, அது ஏன் வேலை செய்கிறது என்பது என் மனதுக்குள் இறங்க எங்கள் அம்மா தேவைப்பட்டார். அவனுக்கு நின்றபடி சொல்லியிருக்க முடியாது. உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் பிறந்து வளர்ந்தவள், இப்போதும் அங்கேதான் அம்மாவோடு இருக்கிறேன். தோட்டம் என்று சொல்ல இப்போது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையிலும் பாதியை வெட்டித் தாமான், அதாவது குடியிருப்பு, கட்டிவிட்டார்கள். எங்கள் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்திலிருந்து கார் எடுத்தால் குலிம் தொழிற்பேட்டைக்கு அரை மணிக்குள் போய்விடலாம். அம்மா இருபத்தாறு வருஷம் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் பால் சொட்ட விடும் வேலை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், ஆனாலும் விடிகாலை நாலு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது அவருக்கு.

நாலு ராத்திரி

2016இல் நடந்தது இது. குலிமில் சிப்புகளைச் சோதித்து அனுப்பும் ஓர் ஆலையில் எனக்கு வேலை. சோதனை இயந்திரம் ஒவ்வொரு மெமரிச் சிப்புக்கும் ஒரு பிழைப்படம் எழுதித் தள்ளும். நல்ல செல்லுக்குப் பூஜ்யம், கெட்ட செல்லுக்கு ஒன்று. ராத்திரி முழுக்க வந்து குவியும் படங்களில் மொத்தம் எத்தனை ஒன்று என்று எண்ணி, காலை ஷிப்ட் ஆட்கள் வருவதற்குள் அறிக்கை தயாராக வேண்டும். இப்படி எண்ணுவதற்கென்றே புராசஸரில் ஒரு கட்டளை உண்டு, பாப்கவுண்ட் என்று. 64 பிட்டைக் கொடுத்தால் அதில் எத்தனை ஒன்று என்று சொல்லிவிடும். என் நிரலில் முக்கால்வாசி நேரத்தைத் தின்பது ஒரு சின்ன லூப்தான். நாலு பாப்கவுண்ட், நாலு கூட்டல். அதுவே கோடிக்கணக்கான தடவை சுற்றும்.

கோப்புகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. லூப்பை எண்ணும் மாறி 32 பிட்டில் இருந்தது, அதனால் 429 கோடிக்கு மேல் எண்ண முடியாது. என்றைக்காவது வழிந்துவிடுமே என்று அதை 64 பிட்டாக மாற்றினேன். மாறியது ஒரே ஒரு சொல். மறுநாள் காலை பார்த்தால் 40 நிமிஷத்தில் முடிகிற வேலை 75 நிமிஷம் எடுத்திருக்கிறது. அறிக்கை வராமல் ஷிப்ட் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதலில் வட்டைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் மெமரியை. இயந்திரம் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதோ என்று வெப்பநிலையைக் கூடக் குறித்து வைத்தேன். எதுவும் இல்லை. மாறியை மறுபடி 32 பிட்டாக்கினால் 40 நிமிஷம், 64 பிட்டாக்கினால் 75. விளக்கைப் போட்டு அணைப்பதுபோலச் சுத்தமாக மாறுகிறது, காரணம் மட்டும் பிடிபடவில்லை. கடைசியில், நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் இரண்டு வகைக்கும் கக்கிய அசெம்பிளியை, அதாவது அந்தக் கட்டளை வரிகளை, அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்ததில், லூப்புக்குள் இருந்த வித்தியாசம் ஒன்றே ஒன்று. வேகமான தாளில் நாலு பாப்கவுண்டும் தங்கள் விடையை நாலு வேறு ரெஜிஸ்டர்களில் வைக்கின்றன. மெதுவான தாளில் நாலும் ஒரே ரெஜிஸ்டரில் வைக்கின்றன. ஒன்று வைக்கும், உடனே கூட்டல் அதை எடுத்துக்கொள்ளும், அடுத்தது அதே இடத்தில் வைக்கும்.

இதை முதல் ராத்திரியே பார்த்துவிட்டேன். பார்த்தும் தள்ளிவிட்டேன், ஏனென்றால் இதனால் நேரம் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று நினைத்ததுதான் மற்ற மூன்று ராத்திரியையும் தின்றது.

பண்டமும் பாத்திரமும்

ஒரு கட்டளை இன்னொரு கட்டளைக்காகக் காத்திருக்க மூன்று காரணம் என்று படித்திருக்கிறோம். முதலாவது, முன்னவர் எழுதியதைப் பின்னவர் படிக்க வேண்டும். இரண்டாவது, முன்னவர் படித்து முடிக்கும் முன்னே பின்னவர் அதே இடத்தில் எழுதிவிடக் கூடாது. மூன்றாவது, இரண்டு பேரும் ஒரே இடத்தில் எழுதினால் கடைசியில் பின்னவர் எழுதியதுதான் நிற்க வேண்டும். பாடப்புத்தகங்கள் இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் அண்ணன் தம்பிபோல வரிசையாக நிற்க வைக்கும். மாணவர்களும் மூன்றையும் சமமாக மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். இன்றைக்கு என்னைக் கேட்டால் அந்த அட்டவணையே தப்பு என்பேன். முதலாவதை ஒரு நாளும், மற்ற இரண்டை வேறொரு நாளும் சொல்லித் தர வேண்டும். முதலாவது காத்திருப்பு பண்டத்துக்காக. மற்ற இரண்டும் பாத்திரத்துக்காக. பண்டம் வராமல் சமைக்க முடியாது, யார் வந்தாலும் அதை மாற்ற முடியாது. பாத்திரம் இல்லையென்றால் இன்னொரு பாத்திரம் எடுத்தால் போதும்.

இந்த வேறுபாட்டை இரும்பிலேயே செய்து காட்டியவர் ராபர்ட் டோமசுலோ. 1964இல் வந்த சிடிசி 6600 ஏற்கெனவே பத்துக் கணக்குப் பிரிவுகளை ஒரே நேரத்தில் ஓட விட்டது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்க அதில் ஸ்கோர்போர்டு என்ற ஏற்பாடு இருந்தது. நல்ல கணக்கப்பிள்ளைதான், ஆனால் இரண்டு கட்டளைகள் ஒரே ரெஜிஸ்டரில் எழுத வந்தால் இரண்டாவதை வாசலிலேயே நிறுத்திவிடும். பாத்திரச் சண்டைக்கு அதற்குத் தெரிந்த ஒரே தீர்ப்பு, நில் என்பதுதான். ஐபிஎம்மின் 360/91 இயந்திரத்துக்கு வேலை செய்த டோமசுலோவுக்கோ இன்னும் பெரிய நெருக்கடி. அந்த வரிசைக் கணினிகளில் மிதவைப் புள்ளிக் கணக்குக்கு, அதாவது புள்ளி வைத்த எண்களுக்கு, இருந்தவை நாலே நாலு ரெஜிஸ்டர்கள். எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் அந்த நாலு பெயரை நம்பி எழுதப்பட்டவை, பெயரைக் கூட்டவும் முடியாது. நாலு பாத்திரத்தை வைத்துக்கொண்டு பெரிய சமையல் நடத்தினால் எந்நேரமும் பாத்திரத்துக்குத்தான் சண்டை. 1967 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரையில் வழி இருக்கிறது. ரெஜிஸ்டரின் பெயரைக் கேட்டு யாரும் நிற்க வேண்டாம். எந்தக் கணக்கிலிருந்து மதிப்பு வரப்போகிறதோ அந்தக் கணக்கின் அடையாளச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொள். விடை வந்ததும் பொதுப் பாதையில் சீட்டோடு சேர்த்து அறிவிப்பார்கள், உன் சீட்டு என்றால் எடுத்துக்கொள். பெயர் வெளியாருக்கு. உள்ளே ஓடுவது மதிப்பு. அப்படியே பாத்திரச் சண்டை இரண்டும் மறைந்து பண்டத்துக்கான காத்திருப்பு மட்டும் மிஞ்சியது. அந்த வேலைக்காக அவருக்குக் கணினி வடிவமைப்புக்கான எக்கர்ட்-மாக்லி விருது கிடைத்தது 1997இல், முப்பது வருஷம் கழித்து. அந்தக் காலத்துக்குள் அவர் யோசனை மேசைக் கணினிக்கே வந்துவிட்டது. 1995இல் வந்த பென்டியம் புரோவில் வெளியே எட்டுப் பெயர், உள்ளே நாற்பது இடம். இன்றைய இன்டெல் வகைச் சிப்புகளில் நிரல் காணும் பெயர்கள் 16 என்றால் உள்ளே நூற்றுக்கணக்கில் இடம் இருக்கிறது. ஒரு கட்டளை ஒரு பெயரில் எழுதும்போதெல்லாம் சிப் அதற்குப் புதிதாக ஓர் இடத்தைக் கொடுத்துவிடும்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் நான் ஏமாந்தேன். நாலு பாப்கவுண்டும் ஒரே பெயரில் எழுதினால் என்ன, உள்ளே நாலும் வேறு வேறு இடம்தானே. பாப்கவுண்ட் தான் எழுதப்போகும் ரெஜிஸ்டரின் பழைய மதிப்பைப் படிப்பதே இல்லை. அது எழுதும், அவ்வளவுதான். காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

அம்மாவின் முப்பது மங்கு

நாலாவது ராத்திரி மணி மூன்றரை இருக்கும். அம்மா எழுந்து வந்துவிட்டார். “என்னா பாப்பா, இன்னும் தூங்கலியா? கண்ணு செவந்து கெடக்குது.” கோப்பி கலக்கி முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவரிடம் வேலையைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் தோட்டத்து வார்த்தையில்தான் சொல்வேன். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். நாலு மரம் வெட்டணும்மா, மங்கு ஒண்ணுதான்னு வெச்சுக்கோங்க. முதல் மரத்துப் பாலை எடுத்தப்புறம்தானே அதே மங்கை ரெண்டாவது மரத்துக்கு வைக்க முடியும், அதனால நேரம் ஆகுது. ஆனா என் கிட்ட மங்கு நெறைய இருக்கு. இருந்தும் ஆள் நிக்கிறான். ஏன்னு தெரியல.

அம்மா சிரித்தார். “மங்குக்காகல்லாம் நிப்பாங்களா? நான் சாக்குல முப்பது மங்கு தனியா வெச்சிருந்தேனே, ஒனக்கு ஞாபகம் இல்லே?”

எனக்கு ஞாபகம் இருந்தது, சாக்கு மட்டும். எதற்கு என்று அன்றைக்குத்தான் கேட்டேன். ஒருவருக்கு ஐந்நூறு சொச்சம் மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்கி, வெயிலுக்கு முன் எல்லா மரத்தையும் வெட்டி முடிக்க வேண்டும். ஒரு மரத்தில் வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்து, மங்கில் முந்தைய வெட்டுக்குச் சொட்டிக் கட்டியாகிக் கிடப்பதைப் பிடுங்கி, துடைத்து, மங்கைத் திரும்ப வைத்து, அப்புறம்தான் பட்டையைச் சீவ வேண்டும். காய்ந்த நாளில் கட்டிப்பால் தோசைபோல ஒரே இழுப்பில் வந்துவிடும். மழை பெய்த மறுநாள்தான் தொல்லை. தண்ணீரும் மண்ணும் இலையும் கலந்து மங்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் சுரண்ட வேண்டும். விடிகிற நேரம் அதில் போய்விடும். அம்மா என்ன செய்வாராம் என்றால், அப்படி ஒட்டிக்கொண்ட மங்கைச் சுரண்ட உட்கார மாட்டார். அதை அப்படியே சாக்கில் போட்டுக்கொண்டு, சாக்கிலிருந்து சுத்தமான ஒன்றை எடுத்து வைத்து, மரத்தை வெட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். எல்லா மரமும் வெட்டி முடித்த பிறகு, பால் சொட்டி நிறையும் வரைக்கும் எப்படியும் காத்திருக்க வேண்டும் இல்லையா, அந்த நேரத்தில் உட்கார்ந்து அழுக்கு மங்கு முப்பதையும் சுரண்டிக் கழுவி வைப்பார். மறுநாளைக்குச் சாக்கு தயார். முப்பதும் தீர்ந்துவிட்டால்? “தீந்துட்டா சொரண்ட வேண்டியதுதான். அன்னிக்கு லேட்டு.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. சிப்புக்குள்ளும் அச்சாக இதே நடப்புதான். காலி இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கும், கட்டளை வந்தால் அதிலிருந்து ஒன்றைக் கொடுக்கும், பழைய மதிப்பு இனி யாருக்கும் வேண்டாம் என்று உறுதியானதும் அந்த இடம் பட்டியலுக்குத் திரும்பும், பட்டியல் தீர்ந்தால் எல்லாம் நிற்கும். எங்கள் அம்மாவுக்குப் பெயர் எழுதத் தவிர வேறு எழுத்துத் தெரியாது.

அப்புறம் அம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னார். அதுதான் நான் நாலு ராத்திரி தேடியது. “ஆனா கங்காணி சும்மா விட மாட்டாரு. அழுக்கு மங்குல பால் விழுந்தா திரிஞ்சிடும், அதனால மங்கு மாத்துறதைப் பாத்தா நிப்பாட்டிடுவாரு. உள்ள பழைய பால் இருக்கும்னு அவரு நெனைப்பு. புது மங்குன்னு வாயால சொன்னா நம்ப மாட்டாரு. வெளக்கு வெளிச்சத்துல ஒருதரம் கவுத்துக் காட்டிட்டு வெச்சா, அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டாரு.”

மங்கு இருக்கிறது. சுத்தமாகவும் இருக்கிறது. நிறுத்துவது கங்காணியின் நினைப்பு. நான் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு மேசைத் தாளைப் பார்த்தேன். பாப்கவுண்ட் பழைய மதிப்பைப் படிக்காது என்பது கட்டளையின் விதி, அது எனக்குத் தெரியும். அந்த விதி இந்தச் சிப்புக்குத் தெரியுமா என்று நான் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

கவிழ்த்துக் காட்டுவது

அம்மா பூப்பறிக்கப் போய்விட்டார். நான் ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு பாப்கவுண்டுக்கும் முன்னால் அது எழுதப்போகும் ரெஜிஸ்டரை அதனோடேயே எக்ஸ்ஓஆர் செய்வது. எக்ஸ்ஓஆர் என்பது இரண்டு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறாக இருந்தால் ஒன்றும் ஒன்றாக இருந்தால் பூஜ்யமும் போடுவது, அதனால் எந்த எண்ணையும் அதனோடேயே எக்ஸ்ஓஆர் செய்தால் பூஜ்யம்தான். உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவே வேண்டாம். இது சிப்புக்கும் தெரியும். இப்படி ஒரு கட்டளை வந்தால் பெயரை இடத்தோடு இணைக்கும் கட்டத்திலேயே, கணக்குப் பிரிவு வரைக்கும் அனுப்பாமல், இது பூஜ்யம், யாரையும் சார்ந்தது இல்லை என்று எழுதி முடித்துவிடும். மங்கைக் கவிழ்த்துக் காட்டுவது அதுதான்.

லூப்பில் நாலு கட்டளை கூடியது. ஆலைக்குப் போனதும் ஓட்டிப் பார்த்தேன். 75 நிமிஷம் 40க்கு இறங்கியது, மாறி 64 பிட்டில் இருக்கும்போதே. திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷம் நிரல் எழுதியவள், வேலையைக் குறைத்தால் வேகம் கூடும் என்பதை எந்தக் கேள்வியும் இல்லாமல் நம்பியவள். அன்றைக்கு வேலையைக் கூட்டித்தான் வேகம் வந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துச் சில தலைமுறைச் சிப்புகள் பாப்கவுண்டுக்கு, அது எழுதும் ரெஜிஸ்டரின் பழைய மதிப்பும் வேண்டும் என்று தவறாகக் கணக்குப் போட்டுக்கொண்டு காத்திருந்தன. விடை தப்பாக வராது, அதனால் யார் கண்ணிலும் படாது. ஒரு பாப்கவுண்ட் முடிய 3 சைக்கிள், அதாவது சிப்பின் கடிகாரத் துடிப்பு மூன்று, ஆனால் ஒவ்வொரு சைக்கிளிலும் புதிதாக ஒன்றைத் தொடங்கலாம். நாலும் தனித்தனி என்றால் ஏறக்குறைய 4 சைக்கிளுக்கு ஒரு சுற்று ஓடும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றால் 12. மீதி வேலைகளும் சேர்ந்ததால் மொத்தத்தில் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மாறியை மாற்றியதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. மாறி மாறியதும் கம்பைலர் ரெஜிஸ்டர்களை வேறு விதமாகப் பங்கு போட்டது, அந்தப் பங்கீட்டில் தற்செயலாக நாலுக்கும் ஒரே பெயர் விழுந்தது. இந்தப் பிழை 2014 வாக்கிலேயே வெளியில் தெரிந்து, ஜிசிசி கம்பைலர் தானாகவே அந்த எக்ஸ்ஓஆரைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. ஆலையில் கம்பைலரை லேசில் மாற்ற விட மாட்டார்கள், அதனால் எங்களிடம் பழையதுதான் இருந்தது.

கம்பைலரின் பயம்

அதற்குப் பிறகு எந்தக் காத்திருப்பைக் கண்டாலும் இது பண்டத்துக்கா பாத்திரத்துக்கா என்று கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கம்பைலரைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. இன்றைய கம்பைலர்கள் நிரலைப் படித்ததும் முதலில் செய்வது, மாறியில் எழுதும் ஒவ்வொரு தடவைக்கும் புதுப் பெயர் கொடுப்பதுதான். நாம் ஒரே மாறியில் பத்துத் தடவை எழுதினால் அது பத்துப் பெயராகிவிடும், ஒரு பெயருக்கு ஒரே தடவைதான் எழுத்து. பாத்திரச் சண்டை முழுக்க அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் கடைசிக் கட்டத்தில் அத்தனை பெயரையும் 16 பெயருக்குள் திணிக்கும்போது அதே சண்டை திரும்ப வந்துவிடுகிறது. சிப் அதை வாங்கி மறுபடி பிரிக்கிறது. இரண்டு பேரும் ஒரே முடிச்சை ஆளுக்கொரு தடவை அவிழ்க்கிறார்கள், நடுவில் முடிச்சுப் போடுவது 16 பெயர் என்ற பழைய ஒப்பந்தம்.

மெமரி விஷயத்தில் கம்பைலர் படும் பாடு வேறு. மெமரி முகவரியை வைத்திருக்கும் இரண்டு பாயின்டர்களை ஒரு பங்ஷனுக்குள் கொடுத்தால் இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுமா காட்டாதா என்று பெரும்பாலும் அதற்குத் தெரிய வழியில்லை. ஒன்றின் வழியாக எழுதியது இன்னொன்றின் வழியாகப் படிப்பதை மாற்றிவிடுமோ என்று பயந்து, வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும், ஒரே கட்டளையில் எட்டு எட்டாகச் செய்யக் கூடியதைக் கூட. அந்தப் பயம் நியாயமானது, தப்பான விடையைவிட மெதுவான விடை மேல். ஃபோர்ட்ரானில் இந்தத் தொல்லை குறைவு, கொடுக்கும் அணிகள் ஒன்றின் மேல் ஒன்று விழாது என்று மொழியே வாக்குக் கொடுக்கிறது. சி மொழியில் அந்த வாக்கை நாம்தான் கொடுக்க வேண்டும். 1999இல் வந்த சி99 அதற்காகவே ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைத் தந்தது. அதுவும் மங்கைக் கவிழ்த்துக் காட்டுவதுதான், ஆனால் இங்கே நாம் பொய் சொன்னால் பால் நிஜமாகவே திரிந்துவிடும். பொய்யாக அந்தச் சொல்லை எழுதிவிட்டு ஒரு வாரம் தவறான விடையோடு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் காத்திருப்பும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியின் முகவரியைத் தன்னுள் வைத்திருக்கும் பட்டியலில் நடந்து பாருங்கள். மெமரியிலிருந்து ஒரு கண்ணி வந்து சேர ஏறக்குறைய 100 நானோநொடி, 3 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது 300 சைக்கிள், அது வந்தால்தான் அடுத்தது எங்கே என்றே தெரியும். இதற்கு எந்தச் சாக்கிலும் மங்கு இல்லை. பால் சொட்டுகிற வேகத்தில்தான் சொட்டும்.

வரிசை

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகை இருக்கிறது. அதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது. ஒரு கோடி தசம எண்களைக் கூட்டுகிறோம். மொத்தத்தோடு முதல் எண், அந்த விடையோடு இரண்டாவது எண், இப்படி. ஒவ்வொரு கூட்டலும் முந்தைய விடைக்காகக் காத்திருக்கிறது. சுத்தமான பண்டச் சார்பு, டோமசுலோவால் கூட ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நாலு மொத்தங்கள் வைத்துக்கொண்டு ஆளுக்குக் கால் பங்காகக் கூட்டிக் கடைசியில் நாலையும் சேர்த்தால் காத்திருப்பு கால்வாசிக்கு அருகில் வந்துவிடும். கம்பைலர் ஏன் தானாக இதைச் செய்வதில்லை என்றால், தசம எண்களைச் சிப் ஒவ்வொரு கூட்டலிலும் ஓரளவு துல்லியத்துக்கு வெட்டித்தான் வைக்கும், அதனால் வரிசை மாறினால் விடையும் மாறும். 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து கூட்டினால் 0.6000000000000001. பின் இரண்டை முதலில் கூட்டினால் 0.6. நீ எழுதிய வரிசையை நீ வேண்டுமென்றேதான் எழுதினாயா, போகிற போக்கில் எழுதினாயா என்று கம்பைலருக்குத் தெரியாது. வரிசை முக்கியம் இல்லை என்று நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் அது கை வைக்கும்.

இதை எழுதும்போது அக்காவின் நினைப்பு வருகிறது. ஐந்தாம் படிவப் பரீட்சையான எஸ்பிஎம் முடித்ததும் அவளுக்கு மேலே படிக்க ஆசை. அண்ணன் படிப்பு முடியட்டும், அப்புறம் நீ என்றார்கள். வீட்டில் பணம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது, அந்த டின்னுக்குள் இரண்டு பேர் படிப்புக்கு இல்லை. அக்கா கிலாங் பஸ், அதாவது ஆலை பஸ், ஏறினாள். தினமும் விடிகாலை ஐந்தரைக்குச் சாலையோரத்தில் நின்று, பினாங்குப் பாலம் தாண்டி, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஆலைக்குப் போனாள். 1972இல் அங்கே தொழில் வட்டாரம் திறந்ததிலிருந்து எங்கள் பக்கத் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஏறிய பஸ். அண்ணன் படித்து முடித்தபோது அக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பணம் இல்லாதது நிஜம். அதை யாரும் கவிழ்த்துக் காட்டித் தீர்த்திருக்க முடியாது. அண்ணன் முதலில் என்ற வரிசை நிஜமில்லை, அது யாரோ போகிற போக்கில் எழுதியது. அக்காவுக்கு மார்க்கும் கூட. அவளிடம் போன தீபாவளிக்கு இதைச் சொன்னேன். “அதெல்லாம் இப்ப எதுக்குடி” என்றாள், பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தபடி. அவள் அன்றைக்குக் கொண்டுவந்த சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். புதிய சிப்புகளில் பாப்கவுண்டுக்கு இந்தப் பிழை இல்லை. கம்பைலரையும் ஒருவழியாக மாற்றிவிட்டோம். அந்த வகையில் அவன் சொன்னபடி வரியை எடுக்கலாம். ஆனால் சோதனைக் கூடத்தின் பின்வரிசையில் அந்தப் பழைய தலைமுறைச் சிப்போடு இரண்டு இயந்திரம் இன்னும் ராத்திரி வேலை பார்க்கின்றன. பாப்கவுண்டை நான் அசெம்பிளியிலேயே கையால் எழுதியிருப்பதால் அதற்குள் கம்பைலர் தலையிடாது. அவை இரண்டும் அங்கே இருக்கும் வரைக்கும் வரியும் இருக்கும். அதன் பக்கத்தில் நான் ஒரு குறிப்பும் எழுதாமல் விட்டது தப்பு, கேட்டவன் மேல் தப்பில்லை. இன்று மத்தியானம் அதைத் திறந்து சேர்த்துவிட்டேன். இந்தச் சிப் பழைய மதிப்புக்காகக் காத்திருக்கும், அதனால் முதலில் பூஜ்யமாக்குகிறோம், பின்வரிசை இயந்திரம் இரண்டையும் எடுத்த பிறகு நீக்கலாம் என்று. அதற்குக் கீழே இன்னொரு வரி, அது தம்பிக்கு மட்டும் புரிந்தால் போதும், அவன் லூனாஸ் பையன், அவன் பாட்டியும் மரம் வெட்டியவர்: மங்கைக் கவிழ்த்துக் காட்டுகிறேன்.